தோலா, ரப்பரா

குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும்போது எனக்குச் சுரீர் என்கிறது. வராவிட்டால் வாளியில் பிடித்துக் குளித்துவிட்டுப் போங்களேன், அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்க மாட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் குளிக்கும் அறையில் தண்ணீர் நூலாக வந்த நாளில், அதற்காக என்னைப் போல் அடித்துக்கொண்டவள் அந்தச் சந்திலேயே கிடையாது. எனக்குத் தண்ணீர் ஒரு பொருட்டில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குடுமி, நெற்றி நிறைய விபூதி, பஞ்சகச்சத்துக்கு மேலே கறுப்புக் கோட்டு. எங்கள் வீடு வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு நீளச் சந்தில் இருந்தது. முன்னால் இருந்து பார்த்தால் ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கொல்லையும் கிணறும். அந்தக் கிணற்றில் தன் கையால் தண்ணீர் இழுத்துத் தலையில் கொட்டிக்கொண்டால்தான் அவருக்குக் குளித்ததாகக் கணக்கு. அப்படிக் குளித்தால்தான் மடி, ஆசாரச் சுத்தம். மடியாக இருந்தால்தான் பூஜை, பூஜை ஆனால்தான் சாப்பாடு. காலையில் ஒரு தரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தரம். காய்ச்சல் வந்தாலும் விட மாட்டார். அவருடைய அப்பா கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தாராம்.

ஒரு நாள் கரும்பலகையில் கணக்கைப் பாதி போட்டுக்கொண்டிருந்தவர், சாக்பீஸைக் கீழே விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஜட்கா வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லஸ் முனையிலிருந்து வந்த டாக்டர் மார்பில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார். இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார். படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கிணற்றில் தண்ணீர் இழுக்கவே கூடாது, இழுத்தால் நான் பொறுப்பில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் இழுத்துக் கொட்டறேன். எனக்கென்ன கை இல்லையா?" என்றேன்.

"பிறத்தியார் தண்ணி இழுத்துக் கொட்டறது பொணத்துக்குத்தான். நான் இன்னும் பொணமாகலை."

"அந்த வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? மறுநாள் கிணற்றுக் கயிற்றை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் பக்கத்து வீட்டில் போய்க் கயிறு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலு வாளி இழுப்பதற்குள் உதடு நீலம் பாரித்துப் போயிற்று. ஈரத் தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாயிற்று. இனிமேல் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த மனுஷன் போய்விட்டால் எனக்கு யார்?

இதற்கு வழி சொன்னது என் கொழுந்தன். ஏரியைத் தூர்த்துப் புதிதாக மனை போட்ட மாம்பலத்தில் அவன் குடியிருந்தான். தினம் அண்ணாவைப் பார்க்கச் சைக்கிளில் வருவான். மாம்பலத்துப் புது வீடுகளில் ஷவர் என்று ஒன்று வைக்கிறார்கள், மேலே இருந்து மழை மாதிரி கொட்டும், குழாயைத் திருகினால் போதும் என்றான்.

"திருகறது நீங்கதானே அண்ணா? உங்க கையாலதானே தண்ணி விழறது? இழுத்தா என்ன, திருகினா என்ன?"

கணக்கு வாத்தியாருக்கு அது சரியாகப் பட்டது. "சரி, ஆனா குழாய்க்குள்ள தோல் இருக்கே?" என்றார்.

இது இந்தக் காலத்தவர்களுக்குப் புரியாது. அப்போது குழாயின் திருகுக்குள்ளே வட்டமாக ஒரு தோல் வாஷர் இருக்கும். குழாயை மூடினால் அது அழுத்திக்கொண்டு தண்ணீரை நிறுத்தும். செத்த மாட்டின் தோலைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர் மடிக்கு ஆகாது என்று மயிலாப்பூரில் எத்தனையோ வீடுகளில் குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் தேய்க்கத்தான் வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு முற்றத்துக் குழாயும் அப்படித்தான். பூஜைக்கும் சமையலுக்கும் கிணறுதான். தண்ணீர் வருகிற வழியெல்லாம் இன்னும் எத்தனை தோல் இருக்கிறதோ, அதற்கெல்லாம் என்ன செய்வதாம் என்று கேட்டேன். "வெளியில இருக்கறது அவா பாவம். என் ஆத்துக்குள்ள தோல் கூடாது" என்று முடித்துவிட்டார்.

தோலுக்குப் பதில் என்ன வைப்பது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். பட்டு! பருத்தித் துணியை ஒருவர் தொட்டால் விழுப்பு, மடி போய்விடும். பட்டுக்கு அந்தத் தோஷம் கிடையாது, எப்போதும் மடி. தன்னுடைய பழைய பட்டு அங்கவஸ்திரத்தைக் கிழித்து, நாலாக மடித்து, வட்டமாகக் கத்தரித்துக் கொழுந்தன் கையில் கொடுத்தார். ஷவரை மாட்ட வந்த குழாய்க்காரர் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே வைத்துத் திருகிவிட்டுப் போனார்.

செடிக்குத் தண்ணீர் விடுகிற பூவாளியின் மூக்கு மாதிரி இருந்ததால் அதற்கு நாங்கள் பூவாளி என்றே பேர் வைத்துவிட்டோம். முதல் நாள் அவர் அதன் கீழே நின்று ஸ்லோகம் சொல்லிக்கொண்டே குளித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் நீலம் இல்லை. மூச்சு வாங்கவில்லை. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, பால் மிஞ்சிப் போச்சு என்றேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. முதலில் பூவாளியின் ஓரத்துத் துளைகள் அடைந்தன. பிறகு நடுவில் இருந்தவை. சில துளைகளிலிருந்து தண்ணீர் கோணலாகப் பீச்சிச் சுவரை நனைத்தது. முக்காலியில் ஏறி நின்று துடைப்பக் குச்சியால் குத்திப் பார்த்தேன். குத்தின அன்றைக்கு வரும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. மார்கழி பிறந்தபோது, மேலே இருந்து இரண்டு மூன்று நூல் இறங்குகிற மாதிரிதான் தண்ணீர் வந்தது.

அதில் அவர் குளிப்பார். தலையில் ஒரு மயிர்க்கால் நனையாவிட்டாலும் அது ஸ்நானம் இல்லை என்று, குடுமியை அவிழ்த்துப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, தோளைக் காட்டி, அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருப்பார். ஒரு வாளியில் பிடித்து மொண்டு கொட்டிக்கொள்ளக் கூடாதா என்றால், வாளி நிறைவதற்குள் அது பழைய ஜலமாகிவிடும் என்பார். கதவுக்கு வெளியே நான் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கும்.

"போறும், வாங்கோளேன்!"

"இன்னும் இடது பக்கம் நனையலை."

"உங்க இடது பக்கம் எக்கேடு கெட்டா என்ன! உசிரு போயிடப் போறது!"

இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குளிரில் இத்தனை நேரம் நிற்பதும் கிணற்றில் இழுப்பதும் ஒன்றுதான் என்று கோபித்துக்கொண்டார். அன்று மாலை கொழுந்தனிடம் அழுதே விட்டேன். மறுநாள் காலை அவன் அதே குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு கொல்லை வழியாக வந்தான்.

குழாய்க்காரர் பூவாளித் தலையைக் கழற்றித் தரையில் தட்டினார். உள்ளேயிருந்து உருண்டையாக ஒன்று விழுந்தது. பட்டு நூல். திருகித் திருகி நசுங்கி, இழை இழையாகப் பிரிந்து, தண்ணீரோடு வந்து துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது. அங்கவஸ்திரத்தின் அரக்குக் கரை நிறம்கூட அப்படியே இருந்தது.

"இன்னாம்மா இது, பைப்புக்குள்ள பட்டுக்கடை வச்சிக்கினு கீறீங்க?" என்று சிரித்தார். "நூலு வந்துகினே இருந்தா தண்ணி எப்டி வரும்? தோலு போட்டாத்தான் நிக்கும். ஊரு பூரா அதான் ஓடிக்கினு கீது."

"தோல் ஆகாது" என்றேன்.

கொழுந்தன் குளிக்கும் அறை வாசலில் சாய்ந்துகொண்டு நின்றான். "மன்னி, பேசாம தோலைப் போட்டுட்டு ரப்பர்னு சொல்லிடுவோம். அண்ணாவுக்கு என்ன தெரியப் போறது? உயிர் பெரிசா, தோல் பெரிசா?"

"வாயை மூடு! அவரண்டை பொய் சொல்லி நான் அவரைக் குளிப்பாட்ட வேண்டாம்" என்று சீறினேன். ஆனால் அவன் சொன்ன இன்னொரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. "ரப்பர்ங்கறியே, அது என்ன, மாட்டுச் சமாசாரமா?"

"இல்லை மன்னி. மரத்துப் பால். நம்ம ஆலம்பால் மாதிரி வடிச்சு எடுக்கறது."

"அப்படின்னா நிஜமாவே ரப்பரை வை. அதுக்கு எதுக்குடா பொய்?"

அவன் விழித்தான். அவன் சைக்கிளின் பழைய டியூப் ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. அதை நானே எடுத்துத் தேய்த்துக் கழுவினேன். குழாய்க்காரர் அதில் வட்டமாகக் கத்தரித்தார். அதை என் கையால் வாங்கிப் பார்த்து, என் கண் முன்னால் உள்ளே வைக்கச் சொன்னேன். திருகினதும் பூவாளியிலிருந்து தண்ணீர் கொட்டியது பாருங்கள்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவர் பூஜை அறையில் ஜபத்தில் இருந்தார். முடித்து வரட்டும், சாயங்காலம் குளிக்கப் போகும்போது பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் குளிக்கும் அறைக்குள் போனார். தண்ணீர் இரைந்த சத்தம் கேட்டது. உடனே நின்றுவிட்டது. கட்டியிருந்த வேஷ்டி நனையாமல் வெளியே வந்தார்.

"என்னடி இது?"

"ரப்பர்னா! சைக்கிள் ரப்பர். மரத்துப் பால்தான், தோஷமில்லை. உங்க பட்டுதான் இத்தனை நாளும் அடைச்சிண்டிருந்தது, பாருங்கோ." கொட்டாங்குச்சியில் எடுத்து வைத்திருந்த நூல் உருண்டையைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பட்டு வெச்சா நூலா வந்தது. இப்போ கொட்டறது. தோல் வெச்சவா ஆத்துலதான் இப்படிக் கொட்டும்."

"ரப்பர் வெச்சாலும் கொட்டும். இதென்ன கணக்கு?"

"காலம்பற ஜபத்துக்கு நடுவில எழுந்து நடைக்கு வந்தப்போ என் தம்பி சொன்னதைக் கேட்டேன். தோலைப் போட்டுட்டு ரப்பர்னு சொல்லிடுவோம்னான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதைக் கேட்டேளே, நான் அவனை ஏசினதைக் கேட்டேளா?"

"கேக்கலை. அதுக்கு மேல நிக்கப் பிடிக்கலை. உள்ளே போயிட்டேன்."

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவர், இன்னும் ஒரு நொடி அந்த நடையில் நின்றிருக்கக் கூடாதா? என் வாழ்க்கையே அந்த ஒரு நொடியில் மாட்டிக்கொண்டது. குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன் என்றேன். "ஊறினா தோலும் கறுப்பு, ரப்பரும் கறுப்பு. தம்பி சொல்லிக் குடுத்ததைத்தான் அவர் சொல்லுவார்" என்றார். உங்கள் மேல் சத்தியம் என்று ஆரம்பித்தேன். "என் மேல சத்தியம் பண்ணாதே. இருக்கறதே கொஞ்சம்" என்று கையமர்த்தினார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "அதைக் கழட்டிக் கொண்டுவரச் சொல்றேன். உங்க கண்ணு முன்னால என் வாயில போட்டு மென்னு காட்டறேன். தோலா இருந்தா எந்தப் பிராமணப் பொம்மனாட்டியாவது வாயில போடுவாளா? அப்பவாவது நம்புவேளா?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. "எனக்காக நீ அதையும் பண்ணுவே" என்றார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லையே. அவர் உயிருக்காக நான் தோலை மென்று விழுங்கவும் செய்திருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே நான் சொன்ன உண்மை செல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை நான் வாசல் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். ராட்டினம் கிறீச்சிட்டதும் கையிலிருந்த கோலப்பொடிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நடையைத் தாண்டுவதற்குள் வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கயிறு கையிலிருந்து நழுவி முழுக்க உள்ளே போய்விட்டது. அவர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவரை மடியில் போட்டுக்கொண்டு நான் ஊரைக் கூட்டினேன்.

உயிர் போகவில்லை. கபாலி காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். தை முழுக்கப் படுக்கையிலேயே கிடந்தார். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவேன். மடியில்லை, பூஜையில்லை. வாயில் ஒரு கவளம் வைத்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். பூஜை அறைப் பக்கமே பார்வை இருக்கும். அங்கே அலமாரியில் விக்கிரகங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செப்புச் சொம்பு இருந்தது. என் மாமனார் காசிக்குப் போனபோது கங்கை நீர் நிரப்பி, வாயில் ஈயம் வைத்து அடைத்துக் கொண்டுவந்தவை இரண்டு சொம்புகள். ஒன்றை மாமனாரின் கடைசி நேரத்தில் அடைப்பை உடைத்து அவர் வாயில் விட்டாயிற்று. மற்றது இவருக்கு. "உனக்கு வேணும்னா நீ காசிக்குப் போய்க்கோ" என்று என்னைக் கேலி செய்வார். மடியில்லாமல் நானும் அதைத் தொட்டதில்லை.

மாசியில் ஒரு நாள் காலை, "நான் குளிக்கணும்" என்றார்.

"கிணத்தடிப் பேச்சே எடுக்கப்படாது!"

"பூவாளியிலதான்."

என் காதை நம்ப முடியவில்லை. தோளைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனேன். முக்காலியைப் பூவாளிக்குக் கீழே போட்டு உட்காரவைத்தேன். திருகைத் திருப்ப நான் கை நீட்டினபோது தடுத்துவிட்டுத் தானே திருப்பினார். தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டிப்போன கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நான் ஓரமாக நின்று நனைந்துகொண்டே பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே பேசினார். "தோலா இருந்தாலும் பரவாயில்லைடி. நீ என்ன பண்ணுவே? உன் மேல எனக்குக் கோபமில்லை."

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதைவிட அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். செய்யாத தப்புக்கு யாராவது மன்னிப்பைத் தூக்கிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"தோல் இல்லேன்னா! ரப்பர்! நான் ஒண்ணும் பண்ணலை, என்னை ஒண்ணும் மன்னிக்க வேண்டாம்!" என்று கத்தினேன்.

"சரி, சரி. ரப்பர்தான்" என்று சிரித்தார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று முதல் அவர் தினம் பூவாளியில்தான் குளித்தார். உடம்பு தேறியது. பங்குனியில் மெதுவாகக் கபாலி கோயில் வரைக்கும் நடந்து போய்த் தேரைப் பார்த்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடத்துக்கும் போனார். நானும் அந்த ரப்பர் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன். மனுஷன் இருக்கிறாரே, அது போதும், எதை நினைத்துக்கொண்டு குளித்தால் என்ன என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. குளித்ததும் ஈரத்தோடு நேரே பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரம் முணுமுணுவென்று மந்திரம் கேட்கும். பிறகுதான் துவட்டிக்கொண்டு வெளியே வருவார். அலமாரிக்கு முன்னால் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கிடக்கும். "குடுமியைப் பிழிஞ்சுட்டு உள்ளே போகக் கூடாதா? யார் வழுக்கி விழறது?" என்று சண்டை போடுவேன். துணியைப் போட்டுத் துடைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அடுத்த பங்குனி வந்தது. உற்சவத்துக்குக் கொடியேறியிருந்தது. மாட வீதியிலிருந்து காலையிலேயே நாயனம் கேட்டுக்கொண்டிருந்தது. குளித்து, பூஜை முடித்து, சாப்பிட மணையில் உட்கார்ந்தவர், "ஒரு மாதிரி இருக்கு" என்றார். கூடத்தில் படுக்கவைத்தேன். உற்சவத்துக்கு வந்திருந்த கொழுந்தன் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தான். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கொழுந்தனைப் பார்த்துத் தலையை அசைத்தார். பக்கத்து வீட்டார் எல்லாம் வந்துவிட்டார்கள். யாரோ ராம நாமம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"மன்னி, கங்கா ஜலம்! சீக்கிரம்!" என்று கொழுந்தன் கத்தினான்.

பூஜை அறைக்கு ஓடி அலமாரியிலிருந்து செப்புச் சொம்பை எடுத்தேன். எடுத்த கை அப்படியே மேலே போயிற்று. கனமே இல்லை. ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. வாயைப் பார்த்தேன். ஈய அடைப்பைச் சுற்றிலும் கீறி எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் சந்தனத்தால் ஒட்டி வைத்திருந்தது. விரலால் தள்ளினேன், கழன்று வந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

அங்கே நின்றபோதே எல்லாம் புரிந்துவிட்டது. தோல் பட்ட தண்ணீரில் குளித்த தீட்டுப் போக, தினம் கொஞ்சம் கங்கையைத் தலையில் தெளித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு. தன் கடைசி நேரத்துக்கு என்று அப்பா கொண்டுவந்து வைத்ததை, நான் செய்யாத பாவத்துக்காகச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து முடித்திருக்கிறார். நான் தரையில் துடைத்ததெல்லாம் அதுதான். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கூடத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் என்ன செய்வேன்? சொம்போடு குளிக்கும் அறைக்கு ஓடினேன். திருகைத் திருப்பினேன். தண்ணீர் கொட்டியது. என் தலை, புடவை எல்லாம் நனைந்தது. சொம்பை நிரப்பிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நான் ஏன் சொட்டச் சொட்ட வருகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. மடியாகக் குளித்துவிட்டு எடுத்து வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அவருக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் முதலில் சொம்பைப் பார்த்தது. பிறகு நனைந்து நின்ற என்னைப் பார்த்தது. அந்தச் சொம்பில் ஒன்றும் இல்லை என்பது என்னை விட்டால் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதில் இப்போது இருப்பது எந்தத் தண்ணீர் என்பதும் தெரிந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சொம்பை உதட்டருகே கொண்டுபோனேன். மாட்டேன் என்று உதட்டை மூடிக்கொண்டால் நான் என்ன ஆவேன்?

அவர் வாயைத் திறந்தார். கொஞ்சம் விட்டேன். விழுங்கினார். மறுபடியும் திறந்தார்.

"காதுல நாமத்தைச் சொல்லுங்கோ மன்னி, நாமத்தைச் சொல்லுங்கோ" என்று கொழுந்தன் அழுதான். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ராம ராம என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து அவர் காதில் வாயை வைத்தேன்.

"ரப்பர்தான்னா" என்றேன். "ரப்பர்தான். ரப்பர்தான்."